இதற்கு விசில், அதற்கு ஏன் இல்லை? என்பிஏ ஃபவுல், டிராவல் தீர்ப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் இருந்து அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ பார்ப்பவர்களுக்கு அது பெரும்பாலும் விடியற்காலை விளையாட்டு. ஐந்தரை, ஆறு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்த ஆட்டம் கடைசியில் ஊதாத ஒரு விசிலால் முடிந்துபோனால் அன்று முழுக்க மனசு ஆறாது. என்னோடு ஆடுகிறவர்களும் புதிதாகப் பார்க்கத் தொடங்கிய தம்பி, தங்கைகளும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கோபங்கள் விதி தெரியாமல் வருபவை, சில முழுக்க நியாயமானவை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று அடி வைத்துவிட்டு லேஅப் (கூடைக்கு அருகே ஓடிப் போய்ப் போடும் ஷாட்) போடுகிறார்கள். அது டிராவல் (பந்தோடு அளவுக்கு மேல் அடி வைக்கும் தவறு) இல்லையா?

பெரும்பாலும் இல்லை. நம்மில் பலர் பள்ளி மைதானத்தில் கற்றது "டிரிபிளை (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவதை) நிறுத்தினால் இரண்டு அடி" என்பதுதான். அது இன்றும் சரி. ஆனால் எண்ணிக்கையை எங்கே தொடங்குவது என்பதில்தான் குழப்பம்.

என்பிஏ விதியில் 'கேதர்' என்று ஒரு கணம் இருக்கிறது. டிரிபிள் செய்துகொண்டு ஓடும் ஆட்டக்காரர் இரண்டு கைகளாலும் பந்தைப் பிடிக்கும் கணம், அல்லது ஒரு கையைப் பந்துக்கு அடியில் கொடுத்து அதை நிறுத்தும் கணம், அல்லது பந்தை மார்போடு அணைக்கும் அளவுக்குக் கட்டுப்பாடு கிடைக்கும் கணம். அந்த நொடியில் தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது. அதன் பிறகு தரையில் படும் கால்தான் முதல் அடி. அடுத்தது இரண்டாவது. ஆகவே கண்ணுக்கு மூன்று தெரியும், விதிக்கு இரண்டுதான். அந்தக் கணக்கில் வராத காலைத்தான் 'ஜீரோ ஸ்டெப்' என்கிறார்கள்.

இந்த விதி எழுத்தில் வந்த கதையும் கவனிக்க வேண்டியது. 2009 ஜனவரியில் வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடிகளில் கிளீவ்லேண்ட் அணியின் லெப்ரான் ஜேம்ஸுக்கு டிராவல் ஊதினார்கள். கிளீவ்லேண்ட் 80-77 என்று தோற்றது. அது 'நண்டு டிரிபிள்', டிராவல் இல்லை என்று அவர் வாதாடினார். அப்போதைய விதிப் புத்தகத்தில் "இரண்டு அடி" என்று தெளிவாக இல்லை, "இரண்டு எண்ணும் தாளம்" என்கிற மாதிரிதான் இருந்தது. அதே ஆண்டு புதிய சீசனுக்கு முன் விதியைத் திருத்தி, பந்தைக் கையில் எடுத்த பின் இரண்டு அடி வைக்கலாம் என்று எழுதினார்கள். நடுவர்கள் களத்தில் பல வருடங்களாக அனுமதித்து வந்ததைத்தான் புத்தகம் பிறகு ஏற்றுக்கொண்டது. 2019-20 சீசனுக்கு 'கேதர்' என்ற சொல்லுக்கான விளக்கத்தை இன்னும் தெளிவாக்கினார்கள். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவும் 2017இல் ஜீரோ ஸ்டெப்பை ஏற்றுக்கொண்டது. எனவே "என்பிஏவில் மட்டும்தான் இந்த அநியாயம்" என்ற பேச்சுக்கு இப்போது இடமில்லை.

என் குறை வேறு. பத்து வருடம் ஒரு வழக்கத்தை அனுமதித்துவிட்டு, அப்புறம் அதை எழுதி, அதற்கும் பத்து வருடம் கழித்து விளக்கம் சொன்னால், நடுவில் பார்த்துக்கொண்டிருந்த ரசிகன் எதை நம்பி எண்ணுவான்?

அப்படியானால் ஜேம்ஸ் ஹார்டனின் ஸ்டெப் பேக் (பின்னோக்கி அடி வைத்துப் போடும் ஷாட்) எல்லாமே சரிதானா?

எல்லாமே இல்லை. பெரும்பாலானவை சரி. பந்தை எடுக்கும்போது ஒரு கால் தரையில், பிறகு பின்னோக்கி ஒன்று, இரண்டு. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும்.

ஆனால் 2018 டிசம்பர் 17 அன்று யூட்டாவுக்கு எதிராக அவர் ரிக்கி ரூபியோ முன்னால் செய்தது வேறு ரகம். ஒரு ஸ்டெப் பேக் முடித்து, பந்து கையிலேயே இருக்க, இன்னொரு ஸ்டெப் பேக். விசில் வரவில்லை. அது டிராவல்தான், ஊதியிருக்க வேண்டும் என்று நடுவர்கள் சங்கத்தின் ட்விட்டர் கணக்கே பிறகு ஒப்புக்கொண்டது. அன்றிலிருந்து அவர் செய்யும் சரியான ஸ்டெப் பேக்கையும் மக்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். விட்டுப்போன ஒரு விசில், அதற்குப் பின்னால் வரும் நூறு நியாயமான அசைவுகளின் பெயரையும் கெடுத்துவிடுகிறது.

யூரோ ஸ்டெப்?

ஒரு அடியை ஒரு பக்கமும் அடுத்ததை மறுபக்கமும் வைத்துத் தடுப்பவரைத் தாண்டும் இது, சட்டப்படி சரியான அசைவு. இரண்டு அடிகளையும் ஒரே திசையில் வைக்க வேண்டும் என்று விதி எங்கும் சொல்லவில்லை. சருனாஸ் மார்ச்சுலியோனிஸ் என்பிஏவுக்குக் கொண்டுவந்தார், மனு ஜினோபிலி பரப்பினார். யானிஸ் அன்டெடோகும்போ அதை ஆடும்போது நம்ப முடியாத தூரம் கடக்கிறார் என்றால் அது அவருடைய கால் நீளம். அடியின் எண்ணிக்கைக்குத்தான் வரம்பு, நீளத்துக்கு இல்லை.

விதி இவ்வளவு தெளிவு என்றால் உண்மையான டிராவல்களை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

கண் எங்கே இருக்கிறது என்பதுதான் காரணம். நடுவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படும் முதல் பாடம், தடுப்பவரைப் பார் என்பது. அவர் நியாயமான இடத்தில் நிற்கிறாரா, கையை நீட்டுகிறாரா, மார்பைக் கொடுக்கிறாரா என்று பார்த்தால்தான் ஃபவுலைச் சரியாகச் சொல்ல முடியும். மேலே மார்பையும் கையையும் கவனிக்கும் கண்ணால் அதே நொடியில் பந்து கைக்கு வந்த கணத்தையும் காலையும் சேர்த்துப் பிடிப்பது கடினம். களத்தில் மூன்று நடுவர்கள். ஒருவர் கூடையின் அடிக்கோட்டில், ஒருவர் பக்கவாட்டில், ஒருவர் பின்னால். மூவரும் அவரவர் பகுதியைத்தான் பார்க்க வேண்டும். பத்து பேர் ஓடும் களத்தில் ஒருவர் பார்வையை இன்னொருவர் உடம்பு மறைத்தால் முடிந்தது.

இதனால்தான் வேகமாகக் கூடையை நோக்கிப் போகும்போது நடக்கும் கூடுதல் அடியைவிட, நின்ற இடத்தில் பந்தை வாங்கி டிரிபிள் தொடங்கும்போது நடக்கும் தவறு அதிகம் தப்புகிறது. பிவட் கால் (ஊன்றி நிற்கும் கால்) தரையை விட்டு எழுவதற்கு முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் இதைக் கவனித்துப் பாருங்கள். எண்ணி மாளாது. லேஅப்பில் வைக்கும் மூன்றாவது அடிக்குக் கத்துகிற நாம் இதைப் பார்ப்பதே இல்லை, நடுவர்களும் ஊதுவது குறைவு.

கேரி விஷயத்தில் திடீரென்று ஊதினார்களே?

ஆமாம். 2022 நவம்பரில் வாரியர்ஸ் அணியின் ஜோர்டன் பூல் டிரிபிள் செய்யும்போது கை பந்துக்கு அடியில் போகிறது, அதாவது கேரி, என்று ஊதத் தொடங்கினார்கள். விதி பழையது. அதே அசைவை லீகில் பாதிப் பேர் செய்துகொண்டிருந்தார்கள், அதற்கு முந்தைய ஜூனில் பூல் அதே டிரிபிளோடுதான் சாம்பியன் ஆனார். அந்த விசில் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நேற்று வரை சரியாக இருந்தது இன்று தவறானதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கை பட்டாலே ஃபவுல்தானே?

இல்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோபம் குறையும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். பந்தைப் பிடித்திருக்கும் கையின் மேல் பட்டால் அது ஃபவுல் இல்லை. பந்தோடு ஒட்டியிருக்கும் கை பந்தின் ஒரு பகுதி என்பதுதான் விதி. மணிக்கட்டுக்கு மேலே, முழங்கையில் பட்டால்தான் பிரச்சினை. டிவியில் 'சப்' என்று சத்தம் கேட்டதும் நாம் எழுந்து நிற்கும் பல இடங்களில் பட்டது விரல்களில்தான்.

அடுத்தது பெரிய விஷயம். தொடுதல் வேறு, ஃபவுல் வேறு. அந்தத் தொடுதல் ஆட்டக்காரரின் தாளத்தை, வேகத்தை, சமநிலையை, சுறுசுறுப்பைக் கெடுத்ததா என்றுதான் நடுவர் பார்க்க வேண்டும். கெடுக்கவில்லை என்றால் அது அற்பத் தொடுதல், விளையாட்டு தொடரலாம். உடல் மோதாமல் இந்த விளையாட்டை ஆட முடியாது என்பதால் இந்த அளவுகோல் தேவைதான். ஆனால் இது அளவு நாடா இல்லை, மதிப்பீடு. 110 கிலோ ஆளின் இடுப்பில் கை வைத்தால் அவர் அசைய மாட்டார். 80 கிலோ ஆளின் இடுப்பில் அதே கையை அதே பலத்தோடு வைத்தால் அவர் தடுமாறுவார். ஒன்றுக்கு விசில் இல்லை, மற்றதற்கு உண்டு. பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஷாகில் ஓ'நீல் ஆடிய காலம் முழுக்க இந்தச் சிக்கல் இருந்தது. அவர் மேல் தொங்கினால்கூட ஷாட் போட்டுவிடுவார், அதனால் விசில் வராது. பலமாக இருப்பதற்கே ஒரு தண்டனை போல.

ஒரே மாதிரி மோதலுக்கு முதல் குவார்ட்டரில் விசில், கடைசி நொடியில் மௌனம். ஏன்?

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இதுதான்.

2025 ஏப்ரல் 27, டெட்ராய்ட். நியூயார்க் நிக்ஸுக்கு எதிரான பிளேஆஃப் (வழக்கமான சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்று) தொடரின் நான்காவது ஆட்டம். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அதற்கு முந்தைய சீசனில் 14 ஆட்டங்கள் மட்டுமே வென்ற அணி. தொடர்ந்து 28 தோல்விகளைப் பார்த்த அணி. ஒரே வருடத்தில் எழுந்து பிளேஆஃப்புக்கு வந்திருந்தது. 2008க்குப் பிறகு சொந்த மண்ணில் ஒரு பிளேஆஃப் வெற்றிகூட இல்லாத ஊர் அது. கடைசி நொடி. நிக்ஸ் 94, பிஸ்டன்ஸ் 93. கேட் கன்னிங்ஹாமின் ஷாட் தவறுகிறது, பந்து மூலையில் டிம் ஹார்டவே ஜூனியர் கைக்கு வருகிறது. அவர் ஏமாற்றுகிறார், ஜோஷ் ஹார்ட் பாய்ந்து வந்து அவர் உடம்பில் மோதுகிறார், மூன்று புள்ளி ஷாட் தவறுகிறது. விசில் இல்லை. ஆட்டம் முடிந்தது.

ஆட்டத்துக்குப் பிறகு நிருபரிடம் தலைமை நடுவர் சொன்னது: பார்த்தோம், அந்த மோதல் அற்பத் தொடுதலைத் தாண்டியது, ஃபவுல் ஊதியிருக்க வேண்டும். அதாவது ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில் மூன்று ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடுப்பின்றிப் போடும் ஷாட்) கிடைத்திருக்க வேண்டும். தொடர் 2-2 ஆகியிருக்கலாம். அது 3-1 ஆனது. ஆறாவது ஆட்டத்தில் டெட்ராய்ட் வெளியேறியது.

இதற்கு "கடைசி நொடியில் ஆட்டக்காரர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், நடுவர் இல்லை" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு இது ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. ஊதாமல் இருப்பதும் முடிவுதான். ஹார்டவேயை மோதிய ஹார்ட் அந்த மௌனத்தால் பயன் பெற்றார். முதல் குவார்ட்டரில் அதே மோதலுக்கு யோசிக்காமல் விசில் வந்திருக்கும்.

2023 ஜனவரியில் பாஸ்டனில் நடந்ததும் இதே கதை. நமக்கு ஞாயிறு காலை. 105-105. அப்போது லேக்கர்ஸில் ஆடிய லெப்ரான் கடைசி நொடிகளில் லேஅப்புக்குப் போகிறார், பாஸ்டனின் ஜேசன் டேட்டம் அவர் கையில் அடிக்கிறார், விசில் இல்லை. லெப்ரான் தரையில் மண்டியிட்டு அப்படியே கிடந்தார். அவருடைய அணிக்காரர் பேட்ரிக் பெவர்லி புகைப்படக்காரரின் கேமராவை வாங்கி வந்து நடுவரிடம் படத்தைக் காட்டப் போய் டெக்னிக்கல் (நடத்தைக்கான ஃபவுல்) வாங்கினார். ஓவர்டைமில் லேக்கர்ஸ் 125-121 என்று தோற்றது. மறுநாள் நடுவர்கள் சங்கம், தவறு செய்துவிட்டோம், இது எங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் என்று வெளிப்படையாக எழுதியது. அவர்கள் வேண்டுமென்றே செய்யவில்லை என்று நான் நம்புகிறேன். வலித்தது அவர்களுக்கும்தான்.

சீசன் நடுவில் விசில் மாறுகிறதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

மாறுகிறது. சில நேரம் நல்ல முறையில், சில நேரம் மோசமான முறையில்.

நல்ல முறைக்கு உதாரணம் 2021. ஷாட் போடுகிறவர் பக்கவாட்டில் சாய்ந்து தடுப்பவர் மேல் விழுவது, ஓடும்போது திடீரென நின்று பின்னால் வருகிறவரை மோத வைப்பது, இப்படி ஃபவுல் வாங்குவதற்காகவே செய்யும் அசைவுகளுக்கு இனி ஃப்ரீ த்ரோ இல்லை என்று சீசனுக்கு முன்பே லீக் அறிவித்தது. எது ஆகும், எது ஆகாது என்று வீடியோ போட்டுக் காட்டியது. தொடக்க வாரங்களில் ஹார்டன், ட்ரே யங் போன்றவர்கள் திணறினார்கள். ஆனால் யாரும் ஏமாற்றப்பட்டதாகச் சொல்ல முடியாது. 2004-05இல் வெளிவட்டத்தில் கையால் தடுப்பதை ஒடுக்கியபோதும் இப்படித்தான், எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது.

2024 பிப்ரவரி அப்படி இல்லை. ஆல் ஸ்டார் இடைவேளைக்குப் பிறகு ஃபவுல்களும் ஃப்ரீ த்ரோக்களும் கண்கூடாகக் குறைந்தன, அணிகளின் ஸ்கோரும் இறங்கியது. ரசிகர்களுக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லை. தாக்குதல் பக்கம் அதிகமாகச் சாய்ந்துவிட்டதால் தடுப்புக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க நினைத்தோம் என்று லீக் தரப்பில் பின்னர்தான் சொன்னார்கள். நோக்கம் எனக்கும் பிடித்தது. தடுப்பவர்கள் பாவம், அந்த சீசன் தொடக்கத்தில் மூச்சு விட்டாலே விசில். ஆனால் 82 ஆட்டம் கொண்ட சீசனில் ஐம்பதைத் தாண்டிய பிறகு சொல்லாமல் கோட்டை நகர்த்துவது எந்த அணிக்கும் நியாயம் இல்லை. நவம்பரில் தோற்றவர்களும் மார்ச்சில் தோற்றவர்களும் வேறு வேறு விளையாட்டு ஆடியிருக்கிறார்கள்.

பிளேஆஃப்பில் மட்டும் ஏன் அடிதடி?

எழுதப்பட்ட விதி ஒன்றுதான். நடைமுறையில் அங்கே கூடுதல் மோதலை விடுகிறார்கள் என்பதை ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களுமே சாதாரணமாகப் பேசுகிறார்கள். எனக்கு முரட்டு ஆட்டம் பிடிக்கும். எந்த அளவு முரடு என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவதுதான் பிடிக்கவில்லை.

ஸ்டார்களுக்குத் தனி விசில் உண்டா?

ஒரு பகுதி கணக்கிலேயே வந்துவிடும். பந்து அதிக நேரம் யார் கையில் இருக்கிறதோ, கூடையை நோக்கி யார் அதிகம் போகிறாரோ, அவருக்குத்தான் அதிக ஃபவுல் கிடைக்கும். 2006 இறுதித் தொடரின் ஆறு ஆட்டங்களில் மயாமியின் டுவேன் வேட் 97 ஃப்ரீ த்ரோ போட்டார். ஐந்தாவது ஆட்டத்தில் அவர் ஒருவர் போட்டது 25, எதிரணியான டல்லாஸ் மொத்தமும் போட்டது 25. டல்லாஸ் ரசிகர்கள் இன்றுவரை அதை மறக்கவில்லை. வேட் ஒவ்வொரு முறையும் கூடைக்குள் பாய்ந்தார் என்பது உண்மை. அந்த எண்ணைப் பார்த்துச் சந்தேகப்படுகிறவர்களை முட்டாள் என்று சொல்லவும் எனக்கு மனம் வராது.

2025இல் மினசோட்டா ரசிகர்கள் ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டரை "ஃப்ரீ த்ரோ வியாபாரி" என்று அரங்கமே அதிரக் கத்தினார்கள். அவர் அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர், அவர் அணிதான் கோப்பையும் வென்றது. அவர் வாங்கிய ஃபவுல்களில் பெரும்பாலானவை எனக்குச் சரியாகவே தெரிந்தன. ஆனால் அவர் எதிராளி மேல் தோளைச் சாய்த்து இடம் உண்டாக்கும்போது விசில் வராததையும் பார்த்தேன்.

நடுவர்களின் சாய்வு பற்றி நேர்மையாகப் பேச உதவும் ஆய்வு ஒன்று இருக்கிறது. ஜோசப் பிரைஸ், ஜஸ்டின் வோல்ஃபர்ஸ் என்ற இரு பொருளாதார வல்லுநர்கள் 1991 முதல் 2004 வரையிலான என்பிஏ ஆட்டங்களை ஆராய்ந்தார்கள். நடுவர் குழுவின் இனமும் ஆட்டக்காரரின் இனமும் ஒன்றாக இருக்கும்போது ஃபவுல்கள் கொஞ்சம் குறைவாக வருகின்றன என்று கண்டார்கள். வித்தியாசம் அதிகபட்சம் 4 சதவீதம். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, கண் இமைக்கும் நேரத்தில் எடுக்கும் முடிவில் தன்னையறியாமல் கலப்பது. 2007இல் இது செய்தியாகி நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதற்குப் பிந்தைய வருடங்களை அதே ஆய்வாளர்கள் இன்னொருவரோடு சேர்ந்து மறுபடி ஆராய்ந்தபோது அந்தச் சாய்வு மறைந்திருந்தது. விதி எதுவும் மாறவில்லை, விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது, அவ்வளவுதான். "எல்லாவற்றையும் வெளியே சொல்லுங்கள்" என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுவே காரணம்.

கடைசி இரண்டு நிமிட அறிக்கை என்றால் என்ன? அதனால் என்ன பயன்?

2015 மார்ச் முதல், நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களில் ஊதியதையும் ஊதாததையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து லீக் மறுநாள் வெளியிடுகிறது. முதலில் ஐந்து புள்ளி வித்தியாசத்துக்குள் இருந்த ஆட்டங்கள், 2017-18 முதல் மூன்று புள்ளிக்குள். ஸ்கோர் மாறாது. நடுவர்கள் சங்கம் இதை எதிர்க்கிறது, தோற்ற அணிகளும் "இப்போது சொல்லி என்ன?" என்கின்றன.

எனக்கு இது வேண்டும். குறையே இது போதாது என்பதுதான். 48 நிமிட ஆட்டத்தில் 46 நிமிடங்களுக்குக் கணக்கே இல்லை. முதல் குவார்ட்டரில் ஒரு பெரிய ஆட்டக்காரருக்குத் தவறாக இரண்டாவது ஃபவுல் கொடுத்து அவர் பெஞ்சில் உட்கார்ந்தால் ஆட்டம் அங்கேயே மாறிவிடும். அது எந்த அறிக்கையிலும் வராது.

பயிற்சியாளர் சேலஞ்ச் செய்யலாமே?

2019-20இல் அந்த வசதி வந்தது. டைம் அவுட் கேட்டு விரலைச் சுழற்றினால் ரீப்ளே பார்ப்பார்கள். 2023-24 முதல், முதல் சேலஞ்ச் வென்றால் இரண்டாவதும் கிடைக்கும். ஆனால் தன் அணி மேல் ஊதிய ஃபவுல், பந்து யாரால் வெளியே போனது, கூடை மேல் பந்தைத் தடுத்தது ஆகியவற்றுக்குத்தான் கேட்க முடியும். டிராவலுக்குக் கேட்க முடியாது. ஊதாத ஃபவுலுக்கும் முடியாது. 2024-25 முதல், பந்து வெளியே போனதைச் சேலஞ்ச் செய்யும்போது அதை ஒட்டி ஒரு ஃபவுல் விட்டுப்போயிருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. டெட்ராய்டின் அந்தக் கடைசி நொடி போன்ற தருணத்துக்கு இன்னும் கதவு இல்லை. ரீப்ளேவை ஒரே இடத்தில் கவனிக்க நியூஜெர்சியின் செகாகஸில் 2014 முதல் தனி மையமே இருக்கும்போது, ஆட்டம் முடியும் நொடியில் போடும் ஷாட்டில் நடந்த மோதலை மட்டுமாவது தானாகப் பார்க்கலாம். ஒரு நிமிடம் கூட ஆகாது.

தவறான தீர்ப்பால் தோற்றால் ஆட்டத்தைத் திரும்ப ஆட வைக்க முடியுமா?

மதிப்பீட்டுத் தவறுக்கு முடியாது. பதிவுத் தவறுக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. 2007 டிசம்பரில் அட்லாண்டாவில் மயாமியின் ஷாகில் ஓ'நீலுக்கு ஆறாவது ஃபவுல் என்று வெளியே அனுப்பினார்கள். உண்மையில் அது ஐந்தாவது, எழுதுகிறவர்கள் தப்பாக எண்ணியிருந்தார்கள். மயாமியின் முறையீட்டை லீக் ஏற்றது, 2008 மார்ச்சில் கடைசி 51.9 நொடிகளைத் திரும்ப ஆடினார்கள். அதற்குள் ஷாக் ஃபீனிக்ஸ் அணிக்குப் போய்விட்டார்! 1982க்குப் பிறகு ஏற்கப்பட்ட முதல் முறையீடு அது.

எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டமா?

இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இந்தச் சந்தேகம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. டிம் டோனகி என்ற நடுவர் தான் பணியாற்றிய ஆட்டங்கள் உட்படப் பந்தயத்தில் ஈடுபட்டது எஃப்பிஐ விசாரணையில் தெரியவந்து, 2007இல் பதவி விலகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2008இல் 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். லீக் அமர்த்திய வழக்கறிஞரின் அறிக்கை வேறு எந்த நடுவரும் குற்றம் செய்ததாகக் காணவில்லை. 2002 மேற்குப் பிரிவு இறுதியின் ஆறாவது ஆட்டத்தையும் மக்கள் மறக்கவில்லை. நான்காவது குவார்ட்டரில் மட்டும் லேக்கர்ஸ் 27 ஃப்ரீ த்ரோ போட்டு சாக்ரமென்டோவை 106-102 என்று வென்றது. அதில் சதி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. மோசமாக நடத்தப்பட்ட ஆட்டம் என்று மட்டும் சொல்வேன்.

2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பல மாநிலங்களில் பந்தயம் சட்டபூர்வமானது. இன்று ஆட்டம் ஒளிபரப்பாகும் திரையிலேயே பந்தய விளம்பரம் ஓடுகிறது. 2024 மார்ச்சில் மினசோட்டா ஆட்டக்காரர் ரூடி கோபேர் ஒரு விசிலுக்கு எதிராக விரல்களைத் தேய்த்துப் பணச் சைகை காட்டியதற்கு லீக் அவருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. அபராதத்தால் சந்தேகம் போகாது. பந்தயப் பணத்தை வாங்கிக்கொள்ளும் லீக், ஒவ்வொரு விசிலுக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டது.

கேமராவே தீர்ப்பு சொல்லலாமே?

கோட்டில் கால் பட்டதா, பந்து கடைசியாக யார் விரலில் பட்டது, கூடை மேல் பந்து இறங்கிக்கொண்டிருந்ததா போன்றவற்றுக்கு முடியும். உடம்பின் மூட்டுகளை முப்பரிமாணத்தில் தொடரும் ஹாக்-ஐ கேமராக்கள் 2023-24 முதல் எல்லா அரங்குகளிலும் இருக்கின்றன. இவற்றை இயந்திரத்திடம் கொடுத்தால் நடுவர்களின் கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். டிராவலின் அடியை எண்ணுவதுகூட முடியலாம், கேதர் எந்தக் கணம் என்பதுதான் கடினம். ஃபவுலை இயந்திரம் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஒரு தொடுதல் ஒருவரின் சமநிலையைக் கெடுத்ததா என்று மனிதர்தான் பார்க்க வேண்டும்.

ஒரு தீர்ப்பு சரியா, தவறா என்று நானே பார்ப்பது எப்படி?

டிராவல் என்றால் முதலில் காலைப் பார்க்காதீர்கள். கையைப் பாருங்கள். பந்து எந்த நொடியில் கையில் நின்றது என்று கண்டுபிடித்து அங்கே வீடியோவை நிறுத்துங்கள். அப்போது தரையில் இருக்கும் காலை விட்டுவிட்டு, அடுத்து படும் காலிலிருந்து எண்ணுங்கள். மூன்று வந்தால் டிராவல்.

ஃபவுல் என்றால் பந்து வைத்திருப்பவரை விட்டுவிட்டுத் தடுப்பவரை மட்டும் ஒருமுறை பாருங்கள். அவர் நேராக மேலே எழும்பினாரா, முன்னோக்கிச் சாய்ந்தாரா? ஷாட் போட்டவர் இறங்குவதற்கு இடம் விட்டாரா? 2017இல் சாசா பச்சூலியாவின் கால் மேல் இறங்கி கவாய் லெனர்டின் கணுக்கால் திருகிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் இறங்கும் இடத்தில் கால் வைப்பதைக் கடுமையான ஃபவுலாக உயர்த்தும் அதிகாரம் நடுவர்களுக்குக் கிடைத்தது. அதன் பிறகு இயல்பு வேகத்தில், நடுவர் நின்ற பக்கத்திலிருந்து இன்னொருமுறை பாருங்கள். அவரிடம் மெதுவாக ஓட்டும் வசதி இல்லை. இந்த மூன்று முறையும் பார்த்த பிறகும் தவறு என்று தோன்றினால் தாராளமாகக் கத்துங்கள். நானும் கத்துவேன்.